பாதி வாடிய மரம்

"இங்கதான்" என்றான் பொக்லைன் டிரைவர்.

அவன் கைகாட்டிய இடத்தில் நான்கு கான்ஸ்டபிள்கள் இடுப்பளவு இறங்கியிருந்தார்கள். மேலே நாலு விரல் கனத்துக்குக் கறுப்பு மண். அதன் கீழே முழங்கால் ஆழம் வரைக்கும் செம்மண். அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் சுரங்கக் கழிவு. மூன்றையும் அள்ளி ஒரே குவியலாகக் கொட்டியிருந்தார்கள். பிணம் மட்டும் வரவில்லை.

"இங்கதானா, இல்ல அந்தப் பக்கமா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நீங்க எங்க சொல்றீங்களோ அங்கதான் சார்."

இன்ஸ்பெக்டர் கையை ஓங்கினார். டிரைவர் முகத்தைத் திருப்பக்கூட இல்லை. ஒரு கண் மூடிப்போயிருந்தது. விலங்கு மாட்டிய கைகளை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றான்.

தள்ளி நின்ற தராசு, "காலி வண்டி" என்று முணுமுணுத்தார்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்ணே" என்றாள் ரேடியோ.

இந்த இடம் சுரங்கமாக இருந்தபோது தராசு இங்கே எடைமேடையில் வேலை பார்த்தவர். லாரி மேடையில் ஏறும்போதே ஸ்பிரிங் உட்காருகிற விதத்தைப் பார்த்து, லோடா காலியா, லோடு என்றால் அடியில் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறானா என்று சொல்லிவிடுவார். பக்கத்துக் கூண்டில் மைக்கோடு உட்கார்ந்திருந்தவள் ரேடியோ. "லோடு, நில்லு. காலி, போகலாம்." நாள் முழுக்க இதுதான் அவள் பாட்டு. சுரங்கம் மூடியபோது இரண்டு பேருக்கும் சோறு போனது. மனுஷனையும் இப்படியே எடை போடலாமே என்று தராசு துப்பறியும் போர்டு மாட்டினார். மைக் இல்லாமலும் கத்தலாமே என்று ரேடியோ வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

தோண்டித் தின்ற நிலத்தில் கம்பெனி மறுபடி மண்ணைப் பரப்பி மரம் நட்டது. பத்து வருஷத்தில் அது காடாக நின்றது. மரம் நின்றால் மட்டும் போதாது, கீழே மண்ணுக்கு உயிர் வந்திருக்கிறதா என்று குழி வெட்டிச் சோதித்துச் சொல்ல ஒரு மண் ஆபீசர் இருந்தார். போன வாரத்திலிருந்து அவரைக் காணோம். காணாமல் போகிறதுக்கு முந்தின நாள், மரங்களுக்குள் வண்டியைக் கொண்டுவராதே என்று தடுத்த அவரிடம் கேன்டீனில் வைத்து இந்த டிரைவர், "நீ வெட்டற குழியிலேயே உன்னைப் போட்டு மூடிருவேன்" என்று கத்தியிருக்கிறான். கேட்டது ஐம்பது காதுகள். ஆபீசரின் தொப்பி அவன் பொக்லைன் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. போலீசுக்கு அதுவே தாராளம்.

தராசை அழைத்து வந்தது டிரைவரின் அக்கா. காட்டுக்கு நாற்று வளர்க்கிற பண்ணையில் வேலை. தாய் செத்த பிறகு தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே கல் உடைத்தவள். காலையில் தராசின் ஆபீஸ் வாசலில் நின்று அவள் சொன்னது நாலே வரி:

"சாயங்காலம் கோர்ட்டுல நிறுத்தறாங்களாம் சார். ஒத்துக்கலைன்னா உன் அக்காவையும் உள்ள தூக்கிருவோம்னு அவன்கிட்ட சொல்லிட்டாங்க. அடிக்கு அசைய மாட்டான். ஆனா எனக்காக எதை வேணா ஒத்துக்குவான்."

இப்போது அவள் போலீஸ் ஜீப்புக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தி உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் ஒத்துக்கொள்வான் என்ற பயம்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"சார், சார், கொஞ்சம் பொறுங்க." ஒரு இளைஞன் ஓடி வந்தான். மண் ஆபீசரிடம் உதவியாளராக இருக்கிறவன். எல்லோரும் சின்னவர் என்பார்கள். தோண்டுகிறவர்களுக்குக் காலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான். "கறுப்பு மண்ணைத் தனியா போடச் சொல்லுங்க சார். இந்த நாலு விரல் வர்றதுக்குப் பத்து வருஷம் ஆயிருக்கு. இப்படிச் சாம்பலோட கலந்தா செத்துரும்."

"பிணத்தைத் தேடறோம் தம்பி. உனக்கு மண்ணு கவலை."

"எங்க வேலை அது சார். மண்ணு சோதனைக்கு நாங்க குழி வெட்டினா ஒவ்வொரு அடுக்கையும் ஒவ்வொரு படுதாவில போடுவோம். மூடும்போது அதே வரிசையில உள்ள போகும். சாருக்கு அடுக்கு மாறினா கெட்ட கோபம் வரும். அதனாலதான் கூலி ஆளைக்கூட விடாம நாங்க ரெண்டு பேருமே வெட்டுவோம்." சார் என்றபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இவ்வளவு ஆழமா வெட்டுவீங்களா?" தராசு சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"ஐயோ, இல்ல சார். முழங்கால் வரைக்கும்தான். சாம்பல் தட்டினதும் நிறுத்திருவோம். அதுக்குக் கீழ எங்களுக்கு என்ன வேலை?"

அவன் தன் ஜீப்பின் பின்கதவைத் திறந்து ஒரு படுதாவை இழுத்து வந்து விரித்தான். ரேடியோ உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"என்ன துணிமணிண்ணே இது. ஒண்ணுல கறுப்புக் கறை, ஒண்ணுல செவப்புக் கறை, ஒண்ணுல சாம்பல் கறை. இதைத் துவைக்கக் கொடுத்தா துவைக்கிறவன் ஊரைவிட்டே ஓடிருவான்."

"வாயை மூடிட்டு என்கூட வா."

"வாயை மூடிட்டு வர எனக்கு வேற பேரு வச்சிருக்கணும்."

பழைய கன்வேயர் மேடை இன்னும் இடிக்கப்படாமல் துருப்பிடித்து நின்றது. தராசு மூச்சு வாங்க ஏறினார். மேலேயிருந்து பார்த்தால் காடு முழுக்கத் தெரியும். இடதுபக்கச் சரிவு மட்டும் மொட்டை. நட்ட கன்று ஒன்றும் அங்கே பிழைக்கவில்லை. மற்ற இடமெல்லாம் பச்சை.

"என்னண்ணே தேடறோம்?"

"போலீஸ்காரன் கலைஞ்ச இடத்தைத் தேடறான். அவனை விட்டுரு. ஒரு ஆள் நீளத்துக்குக் குழி வெட்டினா அடியில என்ன அறுபடும்?"

"வெட்டறவன் இடுப்பு."

"வேரு."

ரேடியோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அந்த மரத்துக்கு மட்டும் ஒத்தைத் தலைவலி."

மூன்றாவது வரிசை நடுவில் ஒரு மரம். வலதுபாதி பச்சையாக நின்றது. இடதுபாதி இலையெல்லாம் தொங்கிப்போய், நனைந்த துணிபோல் கிடந்தது. சுற்றிலும் எந்த மரத்துக்கும் அப்படி இல்லை.

தராசு இறங்குகிற வேகத்தில் மேடை ஆடியது.

மரத்தடியில் எதுவுமே இல்லை. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. சருகு சீராகப் பரவியிருந்தது. வண்டித் தடம், காலடி, மேடு, பள்ளம் ஒன்றும் கிடையாது. ரேடியோ உதட்டைப் பிதுக்கினாள்.

"வீட்டுல நான்கூட இப்படிப் பெருக்க மாட்டேன்."

தராசு குந்தி உட்கார்ந்து, மரத்தின் பச்சைப் பக்கத்தில் ஒரு சருகை எடுத்தார். ஒன்றை இழுத்தால் ஏழெட்டு சேர்ந்து வந்தன. இலைக்கும் இலைக்கும் நடுவே வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை ஓடி, எல்லாவற்றையும் தைத்து வைத்திருந்தது. வாடிய பக்கத்துக்கு நகர்ந்து அங்கேயும் ஒரு சருகை எடுத்தார். அது தனியாக வந்தது. அடுத்ததும் தனி. சீட்டுக்கட்டு மாதிரி.

"அந்தப் பக்கம் தச்ச இலை" என்றாள் ரேடியோ மெதுவாக. "இந்தப் பக்கம் தையல் பிரிஞ்சது."

"கம்பியைக் கொடு."

எடைமேடை நாளிலிருந்து அவர் விடாமல் வைத்திருக்கிற கம்பி அது. கரி லோடுக்குள் கல்லை ஒளித்திருக்கிறானா என்று குத்திப் பார்க்கிற கம்பி. பச்சைப் பக்கம் குத்தினார். ஒரு முழம் இறங்கி நின்றது. வாடிய பக்கம் குத்தினார். கை போன தூரம் வரைக்கும் கம்பி போனது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்ஸ்பெக்டரைக் கூப்பிடு" என்றார் தராசு. "கத்தியே கூப்பிடு."

இன்ஸ்பெக்டர் வரும்போதே முகம் சரியில்லை. பின்னாலேயே சின்னவரும் வந்தான். வந்தவன் மரத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பதறினான்.

"இங்கயா? சார், வேணாம் சார். நாளைக்கு ஆய்வுக்குழு வருது. காட்டுலயே நல்ல மண்ணு இருக்கிற இடம் இதுதான். இந்த மண்ணைக் காட்டித்தான் அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைக்கப் போறோம். பாருங்க, சருகுகூடக் கலையல."

"ஒரு முழம் வெட்டிப் பாத்திரலாம்" என்றார் தராசு.

"நீ வெட்டச் சொல்றது மரம் வாடியிருக்குன்னா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "யோவ், என் தலையும்தான் பாதி வழுக்கை. அதுக்கு அடியில யாரையாவது பொதைச்சிருக்காங்களா?"

"அங்க ஒண்ணும் இல்லைன்னு ஸ்டேஷன்ல எல்லாருக்கும் தெரியுமே சார்" என்றாள் ரேடியோ. கான்ஸ்டபிள்களில் ஒருவன் இருமுவதுபோல் வாயைப் பொத்தினான்.

இன்ஸ்பெக்டர் கடுப்போடு தலையசைத்தார். மண்வெட்டி விழுந்தது. மேலே கறுப்பு மண், சரியாக நாலு விரல். அதன் கீழே செம்மண். கறுப்பில் ஒரு துளி சிவப்பு இல்லை. சிவப்பில் ஒரு துளி சாம்பல் இல்லை.

சின்னவர் மூச்சை விட்டான். "நான்தான் சொன்னேனே சார். இது கடவுள் கலைக்காம வச்ச அடுக்கு. யாராவது வெட்டி மூடியிருந்தா மூணும் கலந்து கிடக்கும், அங்க உங்க ஆளுங்க வெட்டின குழி மாதிரி. மண்ணு பொய் சொல்லாது."

இன்ஸ்பெக்டர் திரும்பி நின்றார். "கேட்டியா? படிச்ச புள்ள சொல்லுது. போதும். வண்டியை எடுங்க. கோர்ட்டுக்கு நேரமாச்சு. தராசு, இன்னொரு தடவை உன்னையோ இந்த ஒலிபெருக்கியையோ இங்க பாத்தேன், டிரைவர் பக்கத்துலயே உக்காரவச்சுக் கூட்டிட்டுப் போயிருவேன்."

போலீஸ் ஜீப்பிலிருந்து குரல் வந்தது. உள்ளே ஏற்றியிருந்த டிரைவர் எழுந்து நின்றிருந்தான்.

"சார், நான்தான் சார் செஞ்சேன். எங்க பொதைச்சேன்னு ஞாபகம் இல்ல. ஒத்துக்கறேன். எங்க அக்காவை வீட்டுக்கு அனுப்பிருங்க."

குந்தியிருந்த அக்கா அப்போதுதான் தலையைத் தூக்கினாள். தம்பியை நேராகப் பார்த்தாள்.

"முடிஞ்சுது" என்றார் இன்ஸ்பெக்டர்.

முதல் தூறல் சருகில் பட்டுச் சடசடத்தது. மரங்களுக்கு வெளியே நின்ற தன் ஜீப்பைச் சின்னவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பின்கதவு திறந்தே இருந்தது. தராசு பார்த்தது மழையையும் அல்ல, ஜீப்பையும் அல்ல, அந்தப் பார்வையைத்தான். லோடு வண்டி மேடையில் ஏறும்போது ஸ்பிரிங் இப்படித்தான் ஒரு நொடி அமுங்கும்.

"சார், ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கு இல்ல, தம்பிக்கு." தராசு குரலை உயர்த்தவில்லை. "அந்த டிரைவர் ஓட்டறது பொக்லைன். அதுல வெட்டி மூடினா மேல இருக்கறது அடிக்குப் போகும், அடியில இருக்கற சாம்பல் மேல வரும். அவனால வேற மாதிரி மூட முடியாது. மண்வெட்டியில மூடற கொலைகாரனும் அள்ளித்தான் போடுவான். அவசரத்துல எவன் அடுக்கு பாப்பான்? ஆனா இந்த அடுக்கு கலையாதது இல்ல தம்பி. கலைச்சு அடுக்கினது. கம்பி என் கை போன தூரத்துக்கு இறங்குது. பத்து வருஷமா இறுகின மண்ணு வெண்ணெய் மாதிரி இறங்குமா?"

"வேரு அழுகியிருக்கலாம் சார்…"

"இருக்கலாம். நீங்க முழங்கால் ஆழத்துக்கு மேல வெட்ட மாட்டீங்கன்னு நீயே சொன்ன. கறுப்புக்கு ஒரு படுதா, செவப்புக்கு ஒரு படுதா. சாம்பல் தட்டினதும் நிறுத்திருவீங்க. அப்ப உன் ஜீப்புல மூணாவது படுதா எதுக்கு?"

ரேடியோ சின்னவரின் ஜீப்புக்கு ஓடிப்போய், சாம்பல் படுதாவை இழுத்து, மழை படாமல் தன் முந்தானைக்கு அடியில் அணைத்துக்கொண்டு வந்தாள்.

"கனமாத்தான் இருக்குண்ணே. மடிப்புக்குள்ள இன்னும் மண்ணு ஒட்டியிருக்கு."

"ஒட்டியிருக்கும்" என்றார் தராசு. "எடைமேடைக் கணக்குதான். உள்ள ஒரு ஆள் போனா, அந்த ஆள் அளவுக்கு மண்ணு வெளிய வந்தாகணும். கறுப்பையும் செவப்பையும் பூராவும் திருப்பிப் போட்டுட்டான். மிஞ்சினது சாம்பல். அதை வெளிய அள்ளிட்டுப் போக ஒரு படுதா வேணும் இல்லையா?"

"வெட்டுங்கடா" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் மாறியிருந்தது.

இரண்டு கான்ஸ்டபிள்கள் மூர்க்கமாக இறங்கினார்கள். செம்மண் தெறித்து, பக்கத்தில் எடுத்து வைத்த கறுப்பு மண்மேல் விழுந்தது. அடுத்த வெட்டுக்குச் சாம்பல் வந்தது. அதுவும் அதன்மேலேயே விழுந்தது.

சின்னவர் ஓடிவிடுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் வழியை மறித்துக்கூட நின்றான். அவன் ஓடவில்லை. குழியோரம் மண்டி போட்டான். கறுப்பு மண்ணின்மேல் விழுந்த சாம்பலை இரண்டு கையாலும் விலக்க ஆரம்பித்தான்.

"கலக்காதீங்க" என்றான். "கலக்காதீங்க சார், தனியா போடுங்க. தெரியாதவங்க மாதிரி…"

சாம்பல் அடுக்கு இன்னும் கொஞ்சம் திறந்தது. நாற்றம் வந்தது. மண்வெட்டி பிடித்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாந்தி எடுத்தான்.

"ஏன்டா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மொட்டைச் சரிவு இருக்கே சார். அங்க மண்ணு பிழைக்கல. இனிமேலும் பிழைக்காது." அவன் இன்னும் கையால் விலக்கிக்கொண்டேயிருந்தான். "காட்டை ஒப்படைச்சா எனக்கு நிரந்தர வேலைன்னு கம்பெனியில சொன்னாங்க. இந்த மரத்தடி மண்ணை எடுத்து, அந்தச் சரிவு மண்ணுன்னு சீல் வச்சு சோதனைக்கு அனுப்பினேன். இங்க வெட்டிட்டு இருக்கும்போது சார் வந்துட்டார். பாத்ததும் புரிஞ்சுபோச்சு அவருக்கு. உன்னை இந்தத் தொழிலைவிட்டே துரத்துவேன்னார். என் கையில மண்வெட்டி இருந்தது."

"பொதைக்கிறதுக்கு அந்தச் சரிவு இருந்துச்சே. யாரும் போகாத இடம்."

"அங்க கடப்பாறைகூட இறங்காது சார். செத்த மண்ணு. ஆளைப் பொதைக்கணும்னா உயிரோட இருக்கிற மண்ணுதான் வேணும்."

தராசு அவன் பக்கத்தில் குந்தினார். "தொப்பியை அவன் சீட்டுக்கு அடியில வைக்கத் தெரிஞ்சுது. அவன் அடி வாங்கறதைப் பாத்துக்கிட்டே தண்ணி கொடுக்கத் தெரிஞ்சுது. மண்ணை மட்டும் தாறுமாறாப் போட்டு மூடியிருந்தா, பொக்லைன்காரன் வேலைன்னு நானே நம்பியிருப்பேன். அதைச் செய்ய வரலையா?"

சின்னவர் நிமிர்ந்து பார்த்தான். உண்மையிலேயே புரியாத முகம்.

"பத்து வருஷ மண்ணு சார். அதைத் தலைகீழாக் கவுக்க எப்படி மனசு வரும்?"

மழை வலுத்தது. விலங்கு ஒன்றுதான் இருந்தது. டிரைவர் கையிலிருந்து கழற்றி இவன் கையில் மாட்டினார்கள். இழுத்துப் போகும்போதும் அவன் தலை குழிப் பக்கமே திரும்பியிருந்தது.

டிரைவர் மணிக்கட்டைத் தேய்த்தபடி அக்காவிடம் போனான். அவள் எழுந்தாள். அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். போலீஸ் அடிக்கெல்லாம் அசையாதவன் அதற்கு ஒரு அடி பின்வாங்கினான்.

"செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லுவியா? யாருடா உன்னைக் கேட்டா? எனக்காகத் தூக்குல தொங்குன்னு நான் கேட்டேனா?"

"உன்னை உள்ள வைப்பேன்னாங்கக்கா."

"வைக்கட்டும். கல்லு உடைச்ச கைக்கு ஜெயில் கல்லு மட்டும் கசக்குமா?" அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அழுகை அப்போதுதான் வந்தது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார். தராசைப் பார்க்காமல் டிரைவரிடம் பேசினார். "குழியில தண்ணி ஏறுது. உன் பொக்லைனைக் கொண்டுவந்தா சீக்கிரம் எடுத்திரலாம்."

டிரைவர் வீங்கிய கண்ணால் அந்த மரத்தைப் பார்த்தான்.

"மரத்துக்குள்ள வண்டியைக் கொண்டுவராதேன்னு அவர் சொன்னாரு சார். அதுக்குத்தான் நான் சண்டை போட்டேன். இப்ப கொண்டுவர மாட்டேன். மண்வெட்டி கொடுங்க, கையால எடுத்துத் தர்றேன்."

"நீ ஒண்ணும் எடுக்க வேணாம், நட" என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டரின் கான்ஸ்டபிள்கள் வழியை அடைத்து நின்றார்கள். விடுவதா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லை. தராசு டிரைவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். பிறகு ரேடியோவைப் பார்த்தார்.

அவள் சாம்பல் படுதாவை இடுக்கியபடியே, ஒரு கையை மட்டும் வாயருகே குவித்தாள். சுரங்கம் மூடிய நாளுக்குப் பிறகு அந்தக் குரல் அந்த இடத்தில் கேட்டதில்லை. மேடை, சரிவு, மரம் எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பியது.

"காலி வண்டி. போகலாம்."

கான்ஸ்டபிள்கள் விலகி வழிவிட்டார்கள்.